எல்ஸ்பெத்தின் சைப்ரஸ் வேலி

14, கார்டர் லேன்
மே 9

திருமதி பைபஸ் அவர்களுக்கு,

அடுத்த வீட்டுக்குக் கடிதம் எழுதி, அதை நானே நடந்து வந்து உங்கள் கதவுத் துளையில் போடுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்ஸ்பெத்தின் நல்லடக்கத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்வதில்லை. அதை இப்போது மாற்றும் உத்தேசம் எனக்கில்லை.

விஷயம் வேலி. நம் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் என் மனைவி எல்ஸ்பெத் நட்ட சைப்ரஸ் மரங்களில் நான்கு, மஞ்சளடித்துக்கொண்டு வருகின்றன. அடிக்கிளைகளில், நுனியிலிருந்து தொடங்கியிருக்கிறது. உங்கள் பக்கம் இன்னும் மோசமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், இங்கிருந்தே பழுப்பு தெரிகிறது. இந்த மரத்துக்கு ஒரு கெட்ட குணம். பழுத்த கிளை மறுபடி துளிர்க்காது, போனது போனதுதான். அதனால் பச்சை இருக்கும்போதே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

என் பக்கத்தில் நான் செய்யக்கூடிய தப்புகளை வரிசையாகப் பார்த்துவிட்டேன். கட்டையில் படும்படி ஆழமாக வெட்டவில்லை. உரம் அதிகம் போடவில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்கள் நாய் அந்த மூலையில் காலைத் தூக்குகிறதா? நீங்கள் களைக்கொல்லி ஏதும் தெளித்தீர்களா?

அந்த நான்கு மரமும் எல்ஸ்பெத்தின் ஜன்னலுக்கு நேரே இருக்கின்றன. போன கோடையில் அவளால் மாடி ஏற முடியாமல் போனதும், படுக்கையைக் கீழறையில் ஜன்னலோரம் போட்டோம். மத்தியான வேளைகளில் அந்த மரங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். என் காது அவ்வளவு கூர்மையில்லை, அவள் குரல் மட்டும் கேட்கும், வார்த்தை பிடிபடாது. வலியில் புத்தி தடுமாறுகிறது என்று நர்ஸ் சொன்னாள். உடுப்புகளை அவள் அக்கா மகள்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அந்த மரங்களும் போய்விட்டால் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு உயிருள்ளது எதுவும் இருக்காது.

எழுத்தில் பதில் போதும். நேரில் வர வேண்டாம்.

லயனல் ஆஸ்க்யூ


16, கார்டர் லேன்
மே 12

அன்புள்ள லயனல்,

முப்பது வருஷம் மேவிஸாக இருந்தவள் திடீரென்று திருமதி பைபஸ் ஆகிவிட்டேன். பரவாயில்லை. வண்டி ஓட்டும் தேர்வில் நீங்களே தேர்வாளராக இருந்து இரண்டு தடவை என்னைத் தோற்கடித்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டீர்கள், அதுவும் எல்ஸ்பெத் அந்தக் காரிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது.

நாய் காலைத் தூக்குவதில்லை. பிஸ்கட் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் செத்துப் போனான். உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியுமில்லை, வேலி அவ்வளவு உயரம்.

மரத்தில் நான் எதையும் ஊற்றவும் இல்லை, தெளிக்கவும் இல்லை. என் பக்கம் பழுப்பாகத்தான் இருக்கிறது, கையால் தடவினால் உதிர்கிறது. தண்டில் கருப்பாக மசி மாதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் நான் வேலை பார்த்தபோது அங்கே விளையாட்டு மைதானத்து வேலி முழுவதும் அப்படித்தான் போயிற்று, அசுவினி. கண்ணுக்கே தெரியாத பூச்சி, வசந்தத்தில் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும், மரம் கோடையில்தான் அழும்.

அவள் ஜன்னலுக்கு நேரே என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும் லயனல். எந்த நான்கு மரம் என்று நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம்.

மேவிஸ்


14, கார்டர் லேன்
ஜூன் 6

திருமதி பைபஸ்,

அசுவினி இல்லை. மசியும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கிளை கிளையாகப் பார்த்தேன். வேரடியில் பட்டையை உரித்தும் பார்த்தேன், வெள்ளைப் பூஞ்சைப் படலம் இருக்கிறதா, காளான் வாசம் அடிக்கிறதா என்று. ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை, போன குளிர்காலம் முழுக்க மழை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டக் கழகத்துச் செயலாளர் உட்காக்கைக் கூட்டி வந்தேன். அவர் மரத்தைச் சுற்றி நடந்து, குனிந்து, நிமிர்ந்து, என் கேக்கையெல்லாம் காலி செய்துவிட்டுச் சொன்னது இது: "நோய் இல்ல லயனல். நோய்னா அங்கங்க திட்டுத் திட்டா வரும். இது ஒரே பக்கத்துலேருந்து, வரிசையா, கீழேருந்து மேல வருது. மரம் எதையோ குடிச்சிருக்கு. யாரோ குடுத்திருக்காங்க." சொல்லிவிட்டு உங்கள் வீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன், மறைப்பதற்கு இல்லை.

வேலி உங்கள் தக்காளிக்கு வெயிலை மறைக்கிறது என்று ஆறு வருஷத்துக்கு முன் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

எழுத ஆரம்பித்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். தினமும் பின்கதவு வழியாக வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர் நீங்கள். அவள் படுத்த பிறகு ஒரு தடவை வாசல் மிதிக்கவில்லை. ஒரு தடவைகூட. அவளும் உங்களைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. "மேவிஸ் ஏன் வரல?" என்று ஒரு வார்த்தை. கேட்கக்கூட முடியாத அளவுக்கு மனசு நொந்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடக்கத்துக்கு வராததைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன்.

லயனல் ஆஸ்க்யூ


16, கார்டர் லேன்
ஜூன் 8

லயனல்,

நாலு தக்காளிக்காக அவள் நட்ட மரத்தைக் கொல்லுகிறவளா நான்? உட்காக் சொன்னால் சரி. அந்த ஆளுக்குப் பூசணிக்காய்ப் போட்டியில் தன் காயை விடப் பெரிய காய் எங்கே இருந்தாலும் யாரோ எதையோ கொடுத்ததாகத்தான் தோன்றும்.

நான் பூ அனுப்பியதற்கு நீங்கள் எழுதிய பதில் ஞாபகம் இருக்கிறதா? "நேரில் வர நேரமில்லாதவர்கள் பூ அனுப்பியிருக்க வேண்டியதில்லை." அதைப் படித்த இடத்தில் உங்கள் மேல் எனக்கு இருந்த இரக்கம் பாதி தீர்ந்துவிட்டது.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. வரவில்லை என்று சொல்லத்தான் செய்தீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

மேவிஸ்


14, கார்டர் லேன்
ஜூலை 18

திருமதி பைபஸ்,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உப்பு.

அந்த நான்கு மரங்களின் வேரடி மண்ணில், கடற்கரையில் இருக்க வேண்டிய அளவு உப்பு இருக்கிறதாம். இங்கிருந்து கடல் நாற்பது மைல். அடுத்த மரத்தின் மண்ணில் சாதாரண அளவு. யாரோ பல மாதமாக, தொடர்ந்து அந்த இடத்தில் உப்புத்தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள்.

இதை எழுதக் கை கூசுகிறது. வேலி மெலிந்த பிறகு காலை வேளையில் சில தடவை உங்களைப் பார்த்திருக்கிறேன். இரவு உடுப்போடு, தோட்டத்தை ஒட்டிய உங்கள் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, கையிலிருக்கும் எதையோ சாய்த்து, குனிந்து ஊற்றினீர்கள். ஒரு பெண்மணி இரவு உடுப்பில் நிற்கும்போது பார்ப்பது மரியாதையில்லை என்று ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பியிருக்கக் கூடாது போலிருக்கிறது.

நகராட்சியில் புகார் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன் கேட்கிறேன். என்ன ஊற்றினீர்கள்? அவள் மேல் உங்களுக்கு அப்படி என்ன கோபம்?

லயனல் ஆஸ்க்யூ


16, கார்டர் லேன்
ஜூலை 21

அன்புள்ள லயனல்,

மூன்று நாள் யோசித்தேன். புகாரை அனுப்ப வேண்டாம். மரத்தைக் கொன்றது நான்தான். ஆனால் உங்கள் கடிதம் வரும்வரை எனக்கே அது தெரியாது.

என் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. போன வருஷம் ஏப்ரலில் வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். ஒரு நாளில் நாலு தடவை ஒரு பைத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் உள்ளே இருந்து ரத்தத்து அழுக்கை இழுத்துக்கொண்டதும் அதை வெளியே வடித்துவிட்டுப் புதுசு விட வேண்டும். சிறுநீரகம் செய்ய வேண்டியதை நான் கையால் செய்கிறேன், அவ்வளவுதான். அது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். வடித்ததைக் கழிப்பறையில் கொட்டச் சொன்னார்கள். கழிப்பறை மாடியில் இருக்கிறது, என் முழங்கால் மாடி ஏறுவதில்லை. அதனால் கண்ணாடி அறை வாசலில் இருக்கும் சாக்கடைத் துளையில் ஊற்றினேன். அது ஓடிப் போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். மரத்தில் எதையும் ஊற்றவில்லை என்று உங்களுக்கு எழுதியது பொய்யில்லை.

இனி மற்றது.

எல்ஸ்பெத் நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். என் முகம் வீங்கி மஞ்சள் பூத்திருந்தது. வாசலில் நான் நின்றால் "உக்காரு மேவிஸ்" என்று சொல்வதற்குள் என்ன வியாதி, இன்னும் எவ்வளவு நாள் என்று கணக்குப் போட்டுவிடுவாள். சாகக் கிடக்கிறவள் என்னைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு போக வேண்டாம் என்று நினைத்தேன். முகத்தில் அக்கி, கிட்ட வரக்கூடாது என்று தொலைபேசியில் பொய் சொன்னேன். நம்பினாள். நம்பினதாக என்னிடம் காட்டிக்கொண்டாள் என்பது இப்போதைய சந்தேகம்.

ஆனால் நான் வந்தேன் லயனல். தினமும் வந்தேன். மத்தியானத் தண்ணீரை விட்டு வடிக்க அரை மணி கண்ணாடி அறையில் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். குழாயை மாட்டும்போது மட்டும் காற்றுப் படாமல் ஜன்னலைச் சாத்துவேன், மாட்டியதும் திறந்துவிட்டு நாற்காலியை வேலிப் பக்கத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஜன்னல். "என்னடி, அக்கி ஆறிச்சா?" என்று கேட்பாள். "அது எங்க ஆறுது" என்பேன். அப்புறம் பேசுவோம். உங்கள் காது பற்றி எனக்குத் தெரியும், நான் சத்தமாகப் பேசவில்லை.

அவள் மரத்தோடு பேசவில்லை. என்னோடு பேசினாள்.

என்னைப் பற்றி அவள் உங்களிடம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்க என்ன இருக்கிறது, மத்தியானம்தான் பேசிக்கொண்டோமே.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் குரல் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அடக்கத்தன்று எனக்குக் குழாயில் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பூக்கடைக்கு அங்கிருந்த நர்ஸ்தான் போன் போட்டுக் கொடுத்தாள்.

அவள் கடைசியாகப் பார்த்த பச்சையை நான் தினமும் நாலு பையாகக் கொன்றிருக்கிறேன். அதுவும் அவளோடு பேசிக்கொண்டே. என்னை மன்னித்துவிடுங்கள்.

மேவிஸ்


14, கார்டர் லேன்
ஆகஸ்ட் 11

அன்புள்ள மேவிஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே உங்கள் பின்கதவு வரை வந்தேன். தட்டாமல் திரும்பிப் போனேன். கையில் மண்வெட்டி இருந்தது.

முதலில் மரம், அதைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். நேற்று என் பக்கத்தில் தோண்டினேன். உங்கள் சாக்கடைத் துளையிலிருந்து வரும் பழைய மண்குழாய் நான்காவது மரத்துக்கு நேரே உடைந்திருக்கிறது. உடைத்தது நீங்கள் இல்லை. மரத்தின் வேரே குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது, தண்ணீரைத் தேடி. கை கனத்துக்கு வேர்க்கற்றை குழாய் முழுக்க அடைத்துக் கிடந்தது. அது வழியாகத்தான் உங்கள் தண்ணீர் மண்ணில் இறங்கியிருக்கிறது. நீங்கள் கொல்லவில்லை. அது போய்க் குடித்தது.

புதுக் குழாய் போட ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஊற்றுவதை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம், வாளி வைக்கிறேன், நானே எடுத்துக் கொட்டுகிறேன். உப்பு இறங்குவது நின்றால் மண் தானே சரியாகிவிடும், இரண்டு குளிர்கால மழை போதும் என்கிறார்கள். புகாரைக் கிழித்துவிட்டேன்.

இனி எனக்குச் சுலபமில்லாதது.

செப்டம்பர் தொடக்கத்தில் வாராந்திர நர்ஸ் வந்தபோது நான் சொன்னேன்: "மத்தியானம் பூரா வேலியோட பேசிட்டிருக்கா, சிரிக்கிறா. நேத்து தேம்பித் தேம்பி அழுதா. பாக்க முடியல." வலியால் புத்தி தடுமாறுகிறது என்று அவர்கள் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன். அன்றிலிருந்து அவள் தூங்கினாள். அமைதியாகிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

உங்கள் குரல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவளைப் பதில் சொல்ல முடியாமல் செய்தவன் நான்.

நான்கு மரத்தையும் இன்று காலை வெட்டிவிட்டேன். அவள் ஜன்னலில் நின்று பார்த்தேன். உங்கள் நாற்காலி தெரிந்தது, பை மாட்டும் கொக்கி தெரிந்தது, அடுக்கி வைத்த தண்ணீர்ப் பைப் பெட்டிகள் தெரிந்தன. இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அவள் உங்களிடம் என்ன பேசினாள்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

வெட்டின இடத்தில் வழி இருக்கிறது. சுற்றிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டியதில்லை, உங்களுக்கும் எனக்கும்.

லயனல்


மாவட்ட ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
அக்டோபர் 19

அன்புள்ள லயனல்,

இரண்டு மாதமாக எதிரே உட்கார்ந்து பெட்டி தூக்கி, வாளி கொட்டி, சூப் என்று ஒன்றைச் செய்து என்னைக் குடிக்க வைக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதுவானேன் என்று தோன்றும். நேரில் சொன்னால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு இந்த ஜென்மத்தில் போகாது. அதனால் எழுதுகிறேன்.

வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை சீழ் பிடித்தாயிற்று, இனி அந்த வழி மூடினது மூடினதுதான். வாரம் மூன்று நாள் இங்கே வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம், ஆனால் என் இருதயம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்று டாக்டர் பெண் சொன்னாள். நல்ல பெண், சுற்றி வளைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம், கூடினால் மூன்று என்றாள். வலி இருக்காதாம்.

ஆகவே மண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இனி அதில் உப்பு இறங்காது.

மருந்து விஷயம். அவளுக்கு வலி இருந்தது லயனல். உங்களிடம் சொல்லாததை வேலி வழியாக என்னிடம் சொன்னாள். அந்த அழுகை புத்தித் தடுமாற்றமில்லை, வலி. மருந்தைக் கூட்டியது சரி. கூட்டாதிருந்தால் நாங்கள் இன்னும் சில நாள் பேசியிருப்போம். அந்தச் சில நாள் எனக்கு வேண்டியிருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன்.

அவள் என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். ஆகஸ்டிலிருந்து சும்மா இருக்கிறேன், சொல்லலாமா கூடாதா என்று. பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சு. உங்கள் சமையலைப் பற்றிச் சிரிப்போம். பிஸ்கட் எங்கே மூத்திரம் போனான் என்பது அரை நாள் பேச்சு. அவள் அம்மாவைப் பற்றிச் சொல்வாள்.

ஆனால் கடைசி மத்தியானம், அதாவது கடைசி என்று எங்களுக்குத் தெரியாத அன்று, நடுப்பேச்சில் நிறுத்தினாள். "சத்தம் போடாதே. லயனல் கதவுக்கு வெளியே வந்து நிக்கறார்" என்றாள். "தினமும் வந்து நிக்கறார் மேவிஸ். நான் யாரோட பேசறேன்னு தெரியாம தவிக்கறார். உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடுவேன். இன்னிக்கு கேப்பார், இன்னிக்கு கேப்பார்னு நானும் பாக்கறேன். கேக்க மாட்டேங்கறார்."

"நீயே கூப்பிட்டுச் சொல்லேன்" என்றேன்.

"இல்ல. இன்னும் கொஞ்சம் பாக்கறேன். அவரா வரணும்னு ஆசையா இருக்கு" என்றாள். நாங்கள் இருவரும் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் காலடி சமையலறைப் பக்கம் போனது எனக்கே கேட்டது.

இதைச் சொல்லாமல் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கேட்டவருக்குச் சொல்லாமல் போவது சரியில்லை.

டாக்டர் பெண்ணிடம் தைரியமாகப் பேசிவிட்டேன். என் அக்கா மகளிடமும் அப்படித்தான் பேசினேன். போன தடவை நீங்கள் வந்தபோது கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஒன்னும் வேணாமே?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று சொன்னேன். அது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது லயனல். நாளைக்கு வாருங்கள். கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். சத்தமாகப் பேசுங்கள், நான் தூங்கிவிட்டாலும் பேசிக்கொண்டிருங்கள்.

மேவிஸ்